அப்பாவுக்கு அறுபத்தொன்று

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் அது பொய்யாகிவிடும். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் பெரியவர் இப்போதாவது உன்னைத் தூங்க விடுகிறாரா? போன ஞாயிறு நீ பேசும்போது குரல் கம்மியிருந்தது. கேட்க நினைத்தேன், அதற்குள் அப்பா போனை வாங்கிவிட்டார்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. நம் வீட்டில் இருப்பது அப்பாவுடைய போன். நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுவார். இந்த விஷயத்தை நடுவில் வைத்துப் பேச முடியாது. நீ போன ஆறு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. கொஞ்சம் நல்ல சேதியாக இருந்திருக்கலாம்.

மணி பதினொன்றரை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சம் போகாமல் கதவுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். அப்பா எழுந்து வந்தால் இந்தத் தாளை மறைக்க இன்னொரு தாள் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நான் அழகான கையெழுத்தில் எழுதி முடிக்க வேண்டும். நாளைக் காலை பத்து மணிக்குள் அப்பா அதை ஆபீசில் கொடுக்க வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே வரிசையாக எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் நான் எங்கே தப்பு செய்தேன் என்று எனக்கே பிடிபடும்.

அப்பாவுக்கு ஆபீசில் ஒரு பிறந்த நாள், வீட்டில் ஒரு பிறந்த நாள். தண்ணீர் வாரியத்தில் சேர இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அப்பாவுக்கு இருபத்தெட்டு ஆகியிருந்தது. சான்றிதழ் எழுதியவர் மூன்று வருஷமும் சில மாதமும் குறைத்து எழுதிக் கொடுத்தார். ஆபீஸ் பிறந்த நாளுக்கு அப்பா பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவார். நிஜப் பிறந்த நாளுக்கு நீ கூப்பிட்டு, முதலில் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு, பிறகு வாழ்த்துவாய். எல்லா அப்பாக்களுக்கும் இரண்டு பிறந்த நாள் இருக்கும் என்றுதான் நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் கணக்குப்படி இந்த வருஷக் கடைசியில் அவருக்கு ஐம்பத்தெட்டு முடியும். ஓய்வு. பென்ஷன். நீயும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வந்துவிடுவாய். இதை நீங்கள் இருவரும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்பீர்கள். அப்பா பென்ஷன் படிவங்களைக்கூட வாங்கிவந்து நிரப்பிவிட்டார். அதில் கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்கும் போட்டோ கேட்டிருந்தது. நீ இல்லையே என்று ஸ்டூடியோக்காரரிடம் உன் பழைய படத்தைக் கொடுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் ஒட்டித் தரச் சொன்னோம். அப்பாவுக்கு இன்றைய முகம், உனக்கு ஆறு வருஷத்துக்கு முந்தைய முகம். ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, 'மக பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கே சார்' என்றார். அப்பா வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார். அதில் ஒரு பிரதியை நான் என் பூகோளப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். நீ இருக்கும் நாடு எந்தப் பக்கத்தில் வருகிறதோ அந்தப் பக்கத்தில்.

அப்புறம்தான் அந்த அறிவிப்பு வந்தது. ஓய்வு பெறும் வயது இனிமேல் அறுபது. எங்கள் கணக்கு டீச்சர் வகுப்புக்கு மிட்டாய் கொண்டுவந்தார். 'இன்னும் ரெண்டு வருஷத்துக்கு என்கிட்ட இருந்து நீங்க தப்பிக்க முடியாது' என்றார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன் அம்மா. மிட்டாயை வாயில் போட்ட பிறகுதான் அந்த அறிவிப்பு நம் வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்று உறைத்தது.

தெருவில் ஒரு வாரம் இதே பேச்சு. மளிகைக் கடைக்காரர், 'மனுஷன் இப்பல்லாம் எண்பது வயசு வரைக்கும் இருக்கான். உக்கார வெச்சு எத்தனை வருஷந்தான் குடுப்பாங்க, கஜானா தாங்க வேண்டாமா' என்றார். இஸ்திரிக்காரர் விடவில்லை. 'உங்களுக்கென்ன, கல்லாவுல உக்காந்துகிட்டே நூறு வரைக்கும் வேலை செய்வீங்க. எனக்குப் பொட்டி கையவிட்டு விழற அன்னிக்குத்தான் ரிட்டயர்மென்ட்' என்றார். ஆபீஸ் கிளார்க் அக்கா அப்பாவைப் பார்த்து வாழ்த்துச் சொன்னாராம். முன்கூட்டியே போனால் என்ன என்று அப்பா கேட்டதற்கு, பாதிப் பென்ஷன்தான் வரும், அதுவும் எப்போது வருமோ என்று சொன்னாராம். அந்த அக்கா நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர். அப்பா வேலை செய்யும் இடத்துக்கு எழுபத்திரண்டு படி ஏற வேண்டும். பெரிய தொட்டியின் வெளிப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. தினமும் விடிவதற்குள் அதில் ஏறி, தண்ணீர் மட்டம் பார்த்து, மருந்து கலந்து, இறங்கி வந்து, தன் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும் இரும்புச் சாவியால் தெருத்தெருவாக வால்வைத் திறக்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானால், 'என்ன தண்ணிக்காரரே, இன்னிக்கு மாமியார் வீட்டுக்குப் போயிட்டீங்களா' என்று குடத்தோடு நிற்பார்கள்.

ஏணிச் சித்தப்பாவைப் பற்றி உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. நீ போன பிறகு வந்தவர் அவர். தினக்கூலிக்கு அப்பாவோடு வேலை செய்கிறார். அப்பா மேலே ஏறும்போது கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார். அது சுவரில் பதித்த ஏணி, பிடிக்கவே வேண்டாம். 'பிடிச்சா அண்ணனுக்கு ஒரு தைரியம்' என்பார். அப்பா ஓய்வு பெற்றால் அந்த இடம் இவருக்கு என்று சூப்பர்வைசர் ஐந்து வருஷமாகச் சொல்லி வந்தார். அவருக்கு அடுத்த வருஷம் முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு நிரந்தர வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அறிவிப்பு வந்த அன்று அவர் அப்பாவிடம், 'உங்களுக்கு ரெண்டு வருஷம் கூடிப்போச்சு, எனக்கு இருந்த ஒரு வருஷமும் போச்சுண்ணே' என்றாராம். அதைக் கேட்டு மனசு பொறுக்காமல் அப்பா தொட்டியின் மேல் வைத்து அவரிடம் தன் நிஜ வயதைச் சொல்லிவிட்டார். 'எனக்கு மூணு வருஷம் குறைச்சு எழுதிக் குடுத்த மகராசன் இப்ப இருந்தா உனக்கும் வாங்கிக் குடுத்திருப்பேன்டா' என்று. நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அன்றைக்கு நாலாவது ஆளுக்கும் தெரிந்தது.

அந்த ஞாயிறு நீ கூப்பிட்டாய். 'ரெண்டு வருஷந்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்' என்று அப்பா சொன்னார். உன் பக்கத்தில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, 'சரிங்க, அடுத்த மாசக் கடைசில ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடறேன்' என்றாய். என்னிடம் நன்றாகப் படி என்று சொன்னாய். நான் சரி என்றேன். வாசலில் நீ விட்டுப்போன செருப்பு அப்படியே இருக்கிறது, போன மாதம் போட்டுப் பார்த்தேன், எனக்குச் சரியாக இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் போனால் நான் பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுவேன். அப்புறம் நீ வந்து யாருக்குத் தலை பின்னிவிடுவாய்?

இரண்டு நாள் கழித்து மழை. அப்பாவுக்கு ஐம்பதாவது படியில் கால் வழுக்கிவிட்டது. கையால் தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். முட்டி மடங்கவில்லை. சித்தப்பா மேலே ஏறி, அப்பாவின் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஒவ்வொரு படியாக வைத்து இறக்கிக் கொண்டுவந்தார். வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் உள்ளங்கையில் தோல் இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். இதோ அதையும் மீறிவிட்டேன்.

இனி நான் செய்தது.

புது உத்தரவிலேயே அறுபதுதான் என்று போட்டிருக்கிறது. அப்பாவுக்கு அறுபத்தொன்று. அப்படியானால் ஆபீசுக்கு அது தெரிந்தால் அவரை உடனே வீட்டுக்கு அனுப்பத்தானே வேண்டும்? அனுப்பினால் பென்ஷன் கொடுக்கத்தானே வேண்டும்? கொடுத்தால் நீ கையெழுத்துப் போட வேண்டாம். கணக்கில் நான் எப்போதும் நல்ல மதிப்பெண் வாங்குகிறவள் அம்மா. இதை மூன்று முறை சரிபார்த்தேன். பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரியே பெறுநர், பொருள், ஐயா எல்லாம் போட்டு, இடது கையால், பெயர் போடாமல் எழுதினேன். அப்பா படித்த ஆரம்பப் பள்ளியின் பதிவேட்டில் நிஜத் தேதி இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும் என்று எழுதினேன். கடைசியில் 'தாங்கள் கருணை கூர்ந்து இவரை விரைவில் ஓய்வில் அனுப்ப வேண்டுகிறேன்' என்றும் எழுதினேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருக்கும் தபால் பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டு வகுப்புக்குப் போய் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. வயதைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, பத்து நாளில் விளக்கம் தர வேண்டும், புகார் உண்மையானால் பணிநீக்கம், எந்தப் பலனும் கிடையாது. எந்தப் பலனும் என்றால் பென்ஷனும்தானா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, 'இந்த மொட்டைக் கடுதாசிய எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்' என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், 'ஏணியைப் பிடிச்ச கையாலயே எழுதியிருக்கான் பாரு' என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன் அம்மா. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பைவிட இது பெரியது என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் அப்பா சூப்பர்வைசரிடம் போய் இந்த ஆள் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தினக்கூலிக்காரரை நீக்க ஒரு தாள்கூட வேண்டாமாம், பெயரை அடித்தால் போதுமாம். சித்தப்பா நம் வீட்டு வாசலுக்கு வந்தார். 'அண்ணே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க' என்று கேட்டார். அப்பா முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினார். நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினேன். அன்றிலிருந்து அப்பா கீழே ஆள் இல்லாமல்தான் ஏறுகிறார். விடியற்காலையில் அவர் சைக்கிள் கிளம்பினதும் நான் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். குழாயில் காற்று சீறித் தண்ணீர் வருகிற சத்தம் கேட்ட பிறகுதான், அப்பாடா இறங்கிவிட்டார் என்று படுப்பேன்.

நோட்டீசுக்கு என்ன பதில் எழுதுவது என்று சூப்பர்வைசர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இந்தப் புகார் பொய், என் வேலைக்கு ஆசைப்பட்ட தினக்கூலிக்காரர் பொறாமையில் எழுதியது, ஏற்கெனவே அவரை வேலையை விட்டு எடுத்தாகிவிட்டது. இப்படி எழுதிக் கொடுத்தால் பழைய பதிவேட்டையெல்லாம் யாரும் தேடிப் போக மாட்டார்கள், கோப்பை மூடிவிடலாம் என்றாராம். அப்பா அதைக் கிறுக்கலாக எழுதிக்கொண்டு வந்து, 'உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும், நீயே எழுதிக் குடு பாப்பா' என்று என்னிடம் தந்தார். அதுதான் என் பக்கத்தில் இருக்கும் தாள். பொருள் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரு வார்த்தை ஓடவில்லை.

இதை எழுதிக் கொடுத்தால் அப்பாவின் பென்ஷன் பிழைக்கும். இரண்டு வருஷத்தில் நீ வருவாய். சித்தப்பாவை இனிமேல் எந்த ஆபீசிலும் சேர்க்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் அப்பா இந்தத் தாளைக் கொடுக்கவே மாட்டார், அவர் குணம் உனக்குத் தெரியும். பதிவேட்டைத் தேடிப் போவார்கள். பென்ஷன் போய்விடும். அப்புறம் நீ எப்போது வருவாய் என்று கேட்க எனக்கு வாயே இருக்காது. நான் என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாளாகும். ஆபீசில் கேட்பது பத்து மணி

அம்மா, அப்பா எழுந்து வந்தார். இப்போது மணி ஒன்றேகால். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கதவு துண்டைத் தள்ளுகிற சத்தம் கேட்டதும் உன் கடிதத்தை அந்தத் தாளுக்கு அடியில் செருகிவிட்டேன். தண்ணீர் குடிக்கத்தான் வந்தார். முட்டி வலிக்கிறது போலிருக்கிறது, டம்ளரோடு அப்படியே சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். 'இன்னும் ஆரம்பிக்கலையா பாப்பா' என்றார். தூக்கம் வருகிறது என்றேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அன்னிக்கு மழைல என் காலைத் தூக்கித் தூக்கி அம்பது படி வெச்சான். என்மேல அவ்வளவு வயித்தெரிச்சல் இருந்தா அன்னிக்கே கைய விட்டிருக்கலாமே' என்று சொன்னார். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை. டம்ளரிடம் கேட்டது மாதிரி இருந்தது.

நான்தான்பா எழுதினேன் என்றேன்.

எதை என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அறுபத்தொன்று என்று ஆபீசுக்குத் தெரிந்தால் உடனே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன், அம்மா வந்துவிடுவாள் என்று நினைத்தேன் என்றேன். அடிப்பார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் அசையவே இல்லை. 'ஸ்டாம்ப் ஒட்டினியா' என்று கேட்டார். ஒட்டினேன் என்றேன். 'அதுவும் சரியாத்தான் பண்ணியிருக்க' என்றார். அவர் உதடு சிரிக்கிற மாதிரி போனது, ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. நீ விமானம் ஏறின அன்றுகூட அவர் என்னைத்தான் சமாதானம் செய்தார்.

நான் தேம்பித் தேம்பி மன்னிப்புக் கேட்டேன். 'வயசைக் குறைச்சது நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் பண்ணது. அதுக்கு நீ என்ன பண்ணுவ. ஆனா அன்னிக்கு அவன் வாசல்ல நின்னப்ப நீ சொல்லியிருக்கணும் பாப்பா' என்றார். அவ்வளவுதான் திட்டினார். அடித்திருந்தால் தேவலை.

பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். எங்கே என்றேன். அவன் வீட்டுக்கு என்றார். இந்த நேரத்திலா என்றேன். 'அவன் மட்டும் தூங்கிக்கிட்டா இருப்பான்' என்றார். அந்தத் தாளை எழுத வேண்டாம், உள்ளதை உள்ளபடி காலையில் சொல்கிறேன், அதை எழுதிக் கொடு என்றார். பென்ஷன் என்று கேட்டேன். தெரியாது என்றார். அம்மா என்று கேட்டேன். சைக்கிள் பூட்டைத் திறந்தபடியே நின்றார். 'உங்கம்மாகிட்ட இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீதான் நல்லா எழுதுவியே' என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

இப்போது வீட்டில் நான் மட்டும்தான். பயம் போகவில்லை, ஆனால் வேறு மாதிரி ஆகிவிட்டது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது இதைத் தபாலில் போட்டுவிடுவேன். மாதக் கடைசிக்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

இந்தக் கடிதத்தை ஆரம்பித்தபோது கடைசி வரியை முதலிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதே, எது நடந்தாலும் வந்துவிடு என்று. இப்போது அதை எழுதக் கூடாது. அப்பாவுக்குச் சம்பளம் எத்தனை நாளைக்கு வரும் என்று தெரியாது. நீ கையெழுத்துப் போட்டுவிடு அம்மா. எனக்குச் சமைக்கத் தெரியும், தலையும் நானே பின்னிக்கொள்வேன், பரீட்சைக்கு என்னை யாரும் எழுப்ப வேண்டாம். அப்பாவைத் திட்டாதே. என்னை வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரிலேயே திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன், உன் குரல்தானே.

கையெழுத்துப் போடும்போது மட்டும் என் முகத்தை நினைத்துக்கொள்ளாதே. அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

என்றும் உன்,
மகள்